பிட் வீட்டுக் கணக்கு

வடகரை ஊர்கள் – 11

சடையங்குப்பம் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போன கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர் ஆகிய நான்கு ஊர்களோடு சேர்த்து 1742-இல் அது வெள்ளையருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆற்காட்டு நவாபாக அறிவிக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் பெயரில் கொடை. பெற்றுக்கொண்டவர் ஆளுநர் ரிச்சர்ட் பென்யன்.

ஊர்ப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சடையங்குப்பத்துக்குத் தெற்கே சாத்தங்காடு. தென்கிழக்கே திருவொற்றியூர். வடகிழக்கே கத்திவாக்கம். இந்த மூன்றும் அதற்கு 34 ஆண்டு முன்னமே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய்விட்டவை. 1708-இல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடியோடு சேர்த்து ஐந்து ஊர்களாகக் கைமாறியவை. மூன்று பக்கமும் போன பிறகு நடுவில் கிடந்த ஊர் எத்தனை நாள் தனித்து நிற்கும்? ஆகவே 1742-ஐப் புரிந்துகொள்ள 1708-க்குப் போக வேண்டும். 1708-ஐப் புரிந்துகொள்ள, அந்த ஐந்து ஊர்களைக் கேட்டு வாங்கிய ஆளுநர் தாமஸ் பிட்டின் வீட்டுக்குள் போக வேண்டும். அவருடைய ஆட்சியையும் குடும்பத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. பட்டணத்தை ஆண்டதும் பெண்டாட்டி பிள்ளைகளை ஆள முயன்றதும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய கடிதங்களால்தான்.

பிட் பிரபு வம்சத்தில் பிறந்தவரில்லை. 1653-இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பிளாண்ட்ஃபோர்ட் செயின்ட் மேரி என்ற சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இருபது வயதை ஒட்டிக் கப்பலேறி வந்தவர், ஒரிசாக் கரையில் பாலசூரில் இறங்கிச் சொந்த வியாபாரம் தொடங்கினார். அந்தக் காலத்தில் அது குற்றம். கிழக்கே வியாபாரம் செய்யும் உரிமையை இங்கிலாந்து அரசர் கும்பினிக்கு மட்டுமே கொடுத்திருந்தார். கும்பினியின் அனுமதி இல்லாமல் சரக்கு வாங்கி விற்கும் எவனும் அவர்கள் கண்ணில் திருடன். பிட் அந்தத் திருடர்களில் கெட்டிக்காரர்.

அவர் பிடிபடாமல் இருந்ததற்குக் கல்யாணமும் ஒரு காரணம். மணந்துகொண்ட ஜேன் இன்னஸ், வங்காளத்தில் கும்பினியின் ஹூக்ளிக் கிடங்குத் தலைவராக இருந்த மத்தியாஸ் வின்சென்ட்டுக்கு உறவுக்காரப் பெண். பிடிக்க வேண்டியவரே உறவானால் எப்படிப் பிடிப்பார்? 1682-இல் நிலைமையைச் சீர்செய்ய வில்லியம் ஹெட்ஜஸ் என்ற புதிய அதிகாரியைக் கும்பினி லண்டனிலிருந்து அனுப்பியது. பிட்டும் அதே பருவத்தில் ‘கிரவுன்’ என்ற வேறொரு கப்பலில் கிளம்பி, ஹெட்ஜஸுக்கு முன்னதாகவே பாலசூரில் வந்து இறங்கிவிட்டார். இறங்கியதோடு நிற்கவில்லை; புதிதாக வந்திருக்கும் தலைவர் தாமே என்பதுபோல எக்காளமும் காவலுமாக நடந்துகொண்டார். கும்பினி வழக்குப் போட்டது. 1,000 பவுன் அபராதம் என்று தொடங்கி 400-இல் முடிந்தது. அதற்குள் அவர் சேர்த்த பணத்துக்கு அது ஒரு செலவே இல்லை.

அந்தப் பணத்தில் அவர் வாங்கியவற்றுள் விசித்திரமானது ஒரு மேடு. சாலிஸ்பரி நகருக்குப் பக்கத்தில் ஓல்டு சாரம் என்று பாழடைந்த பழைய கோட்டை மேடு. ஊர் எப்போதோ காலியாகிவிட்டது. ஆனால் ஊர் இருந்த காலத்தில் கிடைத்த உரிமைப்படி நாடாளுமன்றத்துக்கு அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள். நிலம் யாருடையதோ அவர் சொல்லுக்கே வாக்கு. நம் பக்கம் ஆள் இருக்கும் தொகுதியில் ஓட்டு விலைபோவதைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே ஆளே இல்லாத தொகுதி நிலத்தோடு சேர்ந்து விலைபோனது. 1691 வாக்கில் பிட் அதை வாங்கிப் போட்டார். பின்னால் அவர் மகனும் பேரனும் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

1693-இல் மறுபடியும் ஒரு திருட்டுப் பயணம். இனி இவரோடு முட்டிக்கொள்வதைவிட வேலைக்கு வைத்துக்கொள்வது லாபம் என்று கும்பினிக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1698 ஜூலையில், 45 வயதில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக வந்து இறங்கினார். கூடவே மூத்த மகன் ராபர்ட். மனைவி ஜேனும் மற்ற பிள்ளைகளும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த பதினோரு ஆண்டுகள் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முன்னாள் திருடனைக் காவலுக்கு வைத்தால் என்ன ஆகும்? பிட் விஷயத்தில், காவல் கடுமையானது. அப்போது லண்டனில் போட்டியாக இன்னொரு புதிய கும்பினி கிளம்பியிருந்தது. அதன் தலைவராக மசூலிப்பட்டணத்துக்கு 1699-இல் வந்து சேர்ந்தவர் ஜான் பிட்; தாமஸுக்குச் சொந்தக்காரர், பங்காளி முறை. தம்மை அரசரின் பிரதிநிதியாக மதிக்க வேண்டும் என்று ஜான் எதிர்பார்த்தார். தாமஸ் அவரை மதிக்கவே இல்லை. இரண்டு பிட்டுகளும் மாறி மாறி எழுதிக்கொண்ட கடிதங்களில் கும்பினி வியாபாரத்தைவிடப் பங்காளிக் காய்ச்சல்தான் தூக்கலாக இருக்கும். ஜான் 1703-இல் இறந்துபோனார். அவர் மகன் ஜார்ஜ் மார்ட்டன் பிட் பின்னாளில் சென்னைக்கே ஆளுநராக வந்தார். அந்தக் கதை தனியே வரும்.

கோட்டைக்கு வெளியே பெரிய பயம் தாவூத் கான். முகலாயரின் கர்நாடக நவாப். படையுள்ளவர், மதுப் பிரியர், எந்த நேரம் எப்படி நடந்துகொள்வார் என்று சொல்ல முடியாதவர். 1701-இல் அவர் வந்தபோது பிட் விருந்து வைத்து, சீமைச் சரக்கை ஊற்றி அனுப்பினார். மறு ஆண்டு தொடக்கத்தில் அதே தாவூத் கான் படையோடு வந்து சாந்தோமில் தங்கிப் பட்டணத்தை வளைத்துக்கொண்டார். ஐரோப்பியக் கடற்கொள்ளையர்கள் முகலாயக் கப்பல்களைச் சூறையாடியதால் ஔரங்கசீப்புக்கு ஐரோப்பியர் எல்லோர் மேலும் கோபம். முற்றுகைக்குப் பின்னணி அது. மூன்று மாதம் வழிகள் அடைபட்டன; உள்ளே வரவேண்டிய தானியமும் துணியும் வெளியிலேயே நின்றன. கடைசியில் சுமார் 25,000 ரூபாய் கைமாறியது, படை விலகியது. தொகையைக் குறைக்க பிட் கடைசி நாள் வரை பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வைரம் வந்ததும் இந்த நாட்களில்தான். கிருஷ்ணைக் கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல். சுரங்க அடிமை ஒருவன் காலைக் கீறிப் புண்ணுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான், கப்பல்காரன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்றெல்லாம் கதை உண்டு. கதையாகவே அதை விட்டுவிடலாம். ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி கல்லைப் பிட்டிடம் கொண்டுவந்தார். கேட்டது 2,00,000 வராகன். பேசிப் பேசி 48,000 வராகனில் முடிந்தது. அன்றைய மதிப்பில் 20,400 பவுன். ஆளுநரின் ஆண்டுச் சம்பளமோ சில நூறு பவுன்தான். மீதி எங்கிருந்து வந்தது என்றால், சொந்த வியாபாரம். கும்பினி அதிகாரிகளுக்கு ஆசியத் துறைமுகங்களுக்குள் சொந்தமாக வியாபாரம் செய்ய அனுமதி இருந்தது. சம்பளம் பெயருக்கு, வியாபாரம் பிழைப்புக்கு என்பது ஊரறிந்த ஏற்பாடு.

ஜாம்சந்தை மிரட்டி அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டார் என்று லண்டனில் பேச்சு எழுந்தது. பிட்டுக்கு அது கடைசி வரை உறுத்தியது. 1710-இல் ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, கல்லை வாங்கிய விவரம் முழுவதையும் கடவுள் சாட்சியாக எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார். நான் செத்தால் என் பிள்ளைகள் பேரில் பழி வரக்கூடாது என்பது நோக்கம். அந்த வாக்குமூலத்தை நான் நம்புகிறேன். பேரம் நடந்திருக்கும், மிரட்டல் நடந்திருக்காது. ஆனால் பட்டணத்தின் கடற்கரையும் சுங்கமும் நீதியும் ஒருவர் கையில் இருக்கும்போது அவரிடம் கல்லைக் காட்டிவிட்டு எந்த வியாபாரி வேறு ஆளைத் தேடிப் போவார்? மிரட்டவே தேவையில்லை.

1702 அக்டோபரில் ராபர்ட் கல்லை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். காலணியின் குதிகால் பகுதிக்குள் மறைத்துக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். கல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தந்தையின் நிம்மதி போய்விட்டது.

ராபர்ட் ஊர் போன கையோடு ஹாரியட் வில்லியர்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை ஆண்டாவது ஆகும். எந்த மாப்பிள்ளை காத்திருப்பான்? பெண் பெரிய இடத்து உறவு. தாய் கிராண்டிசன் என்ற ஐரிஷ் பிரபு பட்டத்துக்கு உரியவர். பட்டம் இருந்தது, பணம் இல்லை. பிட்டுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்து, ராபர்ட்டுக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை என்ற சேதி. தம்பிகளுக்கும் அண்ணனுக்கும் சண்டை. மனைவியைப் பற்றி யாரோ எழுதிய வம்புக் கடிதம். எல்லாம் ஆறு, எட்டு மாதம் பழையதாகிக் கோட்டைக்கு வந்து சேரும். இவர் அதற்கு எழுதும் பதில் போய்ச் சேரும்போது அங்கே சண்டையே வேறாகியிருக்கும். மனைவிக்குப் பணத்தை நிறுத்தச் சொல்வார்; அடுத்த கடிதத்தில் பெண்களின் படிப்புக்குச் செலவு செய்யத் தயங்காதே என்பார். தோட்டத்தில் மரம் நடச் சொல்வார். கல்லை என்ன விலைக்குக் குறையாமல் விற்க வேண்டும் என்பார். குடும்பமே ஒன்றுகூடித் தம் பேரைக் கெடுக்கிறது என்று புலம்புவார். அந்தக் கடிதங்களைப் படித்தால் அவர் பேரில் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. தூரத்திலிருந்து பணத்தால் மட்டுமே குடும்பத்தைக் கட்டிக் காக்கலாம் என்று நம்பிய முதல் ஆள் அவரல்ல, கடைசி ஆளும் அல்ல. துறைமுக வேலைக்கும் கப்பல் வேலைக்கும் ஆளனுப்பிப் பழகிய நம் பக்கத்து வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டணத்திலும் வீட்டைப் போலத்தான். 1707-இல் வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் தெரு உரிமை பற்றி மூண்ட சச்சரவு அடுத்த ஆண்டு வரை நீண்டது. எந்தத் தெருவில் யார் குடியிருப்பது, யாருடைய கல்யாண ஊர்வலம் எந்த வழியே போவது என்பது பிரச்சினை. வலங்கையார் பலர் வேலையைப் போட்டுவிட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெத்தநாயக்கன்பேட்டையில் தெருக்களைப் பிரித்துக் கொடுத்துப் பிட் அதைத் தீர்த்தார். ஆனால் தம் ஆலோசனைச் சபையிலிருந்த வில்லியம் ஃப்ரேசர்தான் தூண்டிவிட்டார் என்று அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். மகன்மேல் காட்டிய கோபம்போலவே இதுவும் அளவு கடந்தது. பலன் பின்னால் வந்தது.

இந்தக் கலகத்தின் நடுவில்தான் ஐந்து ஊர்கள். 1707-இல் ஔரங்கசீப் இறந்தார். பிள்ளைகளுக்குள் வாரிசுச் சண்டை. தில்லியில் யார் நிலைப்பார் என்று தெரியாத அந்த இடைவெளியில், எந்த நவாபுக்கும் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். முன்பு முற்றுகையிட்ட தாவூத் கானிடமே பிட் ஊர் கேட்டார். சீமை மதுப் புட்டிகளும் வேறு பரிசுகளும் போயின. 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றுக்கான சாசனம் கிடைத்தது. தியாகராஜர் கோயில் கொண்ட, பல்லவர் காலத்திலிருந்து கல்வெட்டு உள்ள திருவொற்றியூர், இந்தப் பட்டியலில் வரிகட்டும் ஒரு கிராமம், அவ்வளவுதான். அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அது அந்தக் காலத்து வழக்கமும் இல்லை. ஏற்கெனவே 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை கிடைத்திருந்தன. இப்போது கரையை ஒட்டி வடக்கே எண்ணூர்க் கழிமுகப் பக்கம் வரை கும்பினியின் கால் நீண்டது. சடையங்குப்பம் அந்தக் காலுக்கும் மணலிக்கும் இடையில் நவாபின் ஊராகவே நின்றது.

அடுத்த ஆண்டே பிட்டின் பதவி போயிற்று. ஃப்ரேசர் விவகாரத்தில் லண்டன் இயக்குநர்கள் அவர் பக்கம் நிற்கவில்லை. 1709 செப்டம்பரில் ஆணை வந்து சேர்ந்தது. புதிய ஆளுநர் கல்ஸ்டன் அடிசன், ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசனின் தம்பி. அவர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிட்டார். பிறகு ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஃப்ரேசர்தான். பிட் போகும் முன் பட்டணத்தை அளந்து ஒரு படம் போட ஏற்பாடு செய்திருந்தார். சென்னை வரலாற்றில் பிட் படம் என்றே அதற்குப் பெயர். கோட்டையும் கறுப்பர் பட்டணமும் பேட்டைகளும் அதில் தெளிவாக இருக்கும். வடகரை ஊர்களுக்கு அதில் இடமில்லை.

சாசனம் கையில் இருந்தாலும் ஊர்கள் நிலைக்கவில்லை. தாவூத் கான் போன பிறகு வந்தவர்கள், அது அவர் சொந்தப் பிரியத்தில் கொடுத்தது, திருப்பிக் கொடு என்றார்கள். இழுபறி நீண்டது. கும்பினி தில்லிக்குத் தூது அனுப்பி, ஃபரூக்சியர் பாதுஷாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, 1717-இல் ஆளுநர் காலெட் சிப்பாய்களை அனுப்பித் திருவொற்றியூரைப் பிடித்தார். எதிர்த்து வந்த படையோடு அங்கே ஒரு சண்டையும் நடந்தது. திருவொற்றியூர் மண்ணில் பிட்டின் சாசனத்துக்காகத் துப்பாக்கி வெடித்த அதே 1717-இல், பிட் சீமையில் கல்லை விற்றார். வாங்கியவர் சின்னப் பையனான பதினைந்தாம் லூயியின் சார்பில் பிரான்ஸை ஆண்ட ஆர்லியன் கோமகன். தரகு பேசியவர்களில் ஒருவர் பின்னால் பெரிய பணச் சரிவுக்குப் பெயர்போன ஜான் லா. விலை 1,35,000 பவுன். வெட்டித் தீட்டியதில் கல் 140 காரட்டுக்குச் சுருங்கியிருந்தது. உதிர்ந்த துண்டுகளே நல்ல விலைக்குப் போயின. கல்லைக் கையில் வைத்திருந்த பதினைந்து ஆண்டும் பிட் ஒரே கூரையின் கீழ் இரண்டு இரவு தொடர்ந்து தூங்கியதில்லை என்று ஊர் பேசியது.

பணம் வந்ததும் நிலம். அதே ஆண்டு கார்ன்வாலில் போக்கனாக் என்ற பெரிய பண்ணையைச் சுமார் 53,000 பவுனுக்கு வாங்கினார். நிலத்துக்குப் பின் பட்டம். இங்குதான் அவர் செய்த கணக்கின் நேர்த்தி தெரியும். மகள் லூசியை ஜேம்ஸ் ஸ்டான்ஹோப்புக்குக் கொடுத்தார். அவர் தளபதி, பிறகு முதல் ஜார்ஜ் அரசரின் தலைமை அமைச்சர், 1718-இல் ஏர்ல் பட்டம் பெற்றவர். இரண்டாம் மகன் தாமஸ், ஆண் வாரிசின்றி முடிந்துபோன லண்டன்டெரி ஏர்ல் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்தப் பட்டம் 1719-இல் பாரனாகவும் 1726-இல் ஏர்லாகவும் அவருக்கே புதுப்பித்துக் கொடுக்கப்பட்டது. அப்பாவின் சூதாட்டக் குணமும் இவருக்கு வந்திருந்தது: கும்பினிப் பங்கு விலைமேல் ஜான் லாவோடு ஒரு பெரும் பந்தயம் கட்டினார். கடைசி மகன் ஜானும் பிரபு வீட்டில் பெண் எடுத்தார். எல்லோருக்கும் பட்டம் ஒட்டியது, கிழவர் ஒருவரைத் தவிர. வெறும் ‘கவர்னர் பிட்’ ஆகவே 1726 ஏப்ரலில் பெர்க்ஷயரின் ஸ்வாலோஃபீல்டில் இறந்தார். உடல் பிறந்த ஊருக்குப் போனது. மூத்தவர் ராபர்ட் மறு ஆண்டே போய்ச் சேர்ந்தார். லண்டன்டெரி பிரபு 1729-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆளுநராக இருந்தபோது.

கிழவரின் கண்ணுக்குப் பிடித்தவன் ராபர்ட்டின் இளைய மகன், அப்பாவைக் கேட்காமல் செய்த அந்தக் கல்யாணத்தில் பிறந்த வில்லியம். பிறந்த ஆண்டு 1708. நம் ஐந்து ஊர்களின் ஆண்டு. 1735-இல் ஓல்டு சாரம் மேட்டின் உறுப்பினராக நாடாளுமன்றம் போனான். பின்னாளில் பிரதமர், 1766-இல் சாத்தம் ஏர்ல். அவர் அமைச்சரவைக் காலத்தில்தான், 1767-இல், கும்பினி ஆண்டுக்கு 4,00,000 பவுன் அரசுக்குக் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர் மகன் இளைய வில்லியம் பிட் 1784-இல் கும்பினிக்கு மேலே அரசின் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கும்பினியை ஏமாற்றித் தொடங்கிய குடும்பம், அப்படிச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய தொகுதி வழியே உள்ளே போய், கும்பினிக்கே மூக்கணாங்கயிறு போட்டது. நான்கு தலைமுறை, நூறு ஆண்டு.

பட்டங்கள் அத்தனை நாள் தாங்கவில்லை. லண்டன்டெரி 1765-இல் வாரிசில்லாமல் முடிந்தது. ராபர்ட்டின் மூத்த மகன் வழியில் கேம்ல்ஃபோர்டு என்று 1784-இல் புதிதாக வாங்கிய பாரன் பட்டம், அடுத்த தலைமுறையிலேயே 1804-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் செத்த முரட்டு இளைஞனோடு போயிற்று. சாத்தம் ஏர்ல் வரிசை 1835-இல் நின்றது. ஓல்டு சாரம் தொகுதியை 1832 சீர்திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. கல் மட்டும் இருக்கிறது. நெப்போலியன் வாளில் ஏறி இறங்கி, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில்.

ஜான் பிட்டின் மகன் ஜார்ஜ் மார்ட்டன், பென்யனுக்கு முன் 1730 முதல் 1735 வரை இங்கே ஆளுநராக இருந்தார். பெரியவர் தாமஸ் ஊர்களைக் கேட்டு வாங்கினார். இவர் தறிக்காரர்களைக் கூட்டிவந்து 1734-இல் ஊரையே புதிதாக உண்டாக்கினார். சிந்தாதிரிப்பேட்டை பற்றி அடுத்த இதழில்.